கோட்டோரம்

காலிறுதிக்கு வந்த சனத்தைக்
கைவிரலில் எண்ணியிருக்கலாம்.
இன்றைக்கு அரையிறுதி. ரேஸ்கோர்ஸ் படிக்கட்டில்
பாதிக்கு ஆட்கள், மீதிக்குக் காகங்கள்.
முகத்துவாரம் வெண்சிறகு ஒரு பக்கம்,
துறைமுக மகளிர் மறுபக்கம்.
தோற்றால் வீடு. வேறு சட்டம் இல்லை இந்தக் கிண்ணத்துக்கு.

எனக்கு ஒரு கோடு தந்திருக்கிறார்கள்.
அதன் ஓரமாய் நண்டுபோல ஓடவேண்டும்,
கண்ணை மட்டும் மைதானத்துக்குள் விட்டுவிட்டு.

வெண்சிறகுக்கு ஆறு வருடம் பந்து உதைத்தவள் நான்.
இடது முழங்காலில் பன்னிரண்டு தையல்,
அதில் நாலு, பயிற்சியில் ஜெசிந்தா தந்தது.
"மிஸ், இந்த மெட்சுக்கு நான் நிற்பது சரியா?" என்று கேட்டேன்.
"கொடி பிடிக்கிற பொம்பிளைகள் எத்தனை பேர்,
நீயே எண்ணிச் சொல்லு," என்றார் நிலூகா மிஸ்
விசிலைத் துடைத்தபடி.
ஒரு கைகூடத் தேவைப்படவில்லை.

எண்பத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
பொரளைப் பக்கம் வானம் கறுக்கிறது.
ஃபர்ஸானா நடுவிலிருந்து தூக்கிப் போட்டாள்.
காலைவிட்டுப் பந்து பிரிகிற சத்தம்,
ஈரச்சேலையைக் கல்லில் அறைந்ததுபோல.
அந்தச் சத்தத்துக்குள்தான் நான் பார்க்கவேண்டும்,
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
பார்த்தேன்.
துறைமுகத்தின் கடைசிக்காரியின் தோள்.
ஜெசிந்தாவின் முழங்கால்.
இடையில் ஒரு சாண்,
அந்தச் சாணில் புல்கூட இல்லை, வெறும் மண்.

பந்து வலைக்குள். படிக்கட்டு எழும்பியது, காகங்களும்.
ஜெசிந்தா என்னை நோக்கித்தான் ஓடிவந்தாள்,
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.
பழைய பழக்கம். கோல் போட்டால்
நான் நிற்கிற இடத்துக்கு வருவாள்.
பத்தடி தூரத்தில்
என் கை எங்கே இருக்கிறது என்று கண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மொழியிலும்
என் தாயை இழுத்தார்கள். தமிழில்தான் விவரம் அதிகம்.
ரவூப் கோச் தண்ணீர்ப் போத்தலைக் காலால் அடித்தார்:
"கொன்சி, நீயுமா?"
அந்த "உம்" இன்னும் காதுக்குள் கிடக்கிறது.
யாரோ ஒரு பொடியன் ஃபோனில் எடுத்திருந்தானாம்.
அதில் கடைசிக்காரியின் பின்னல் பறந்து
சரியாக அந்த ஒரு சாணை மறைக்கிறது.

பெனல்டிக்குப் போனது. மழையும் வந்தது.
ஜெசிந்தா அடித்தது பாருக்கு மேலே,
மதிலுக்கு மேலே, றோட்டுக்குள்.
பந்தை எடுத்துவர ஒருத்தன் போனான்.
அவன் திரும்பும்வரை நாங்கள் எல்லோரும் நனைந்தோம்,
வென்றுகொண்டிருந்தவர்களும்.

சம்பள உறையை ஜேர்சிக்குள் செருகிக்கொண்டு
நூற்றி ஐம்பத்தைந்தில் ஏறினேன்.
யன்னல்பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டும் காலி.
அடுத்த ஹோல்ட்டில் அவள் ஏறினாள்.
கண்டாள். உட்காரவில்லை.
கம்பியைப் பிடித்து, எனக்குப் பின்னந்தலையைக் காட்டி,
மருதானைவரை அப்படியே.
காலி சீட்டில் ஒரு ஐயா உட்கார்ந்து தூங்கிப்போனார்.

சரி என்று தெரிந்த ஒன்றை
யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?
வாயைத் திறந்தேன். டிரைவர் பிரேக் அடித்தான்.
பஸ் முழுக்க முன்னால் போய்ப் பின்னால் வந்தது.
அந்த ஆட்டத்தில், திரும்பிப் பாராமலே,
தோளிலிருந்து பையைக் கழற்றி
என் மடியில் போட்டாள்,
நிற்கிறவள் இருக்கிறவளிடம் கொடுப்பதுபோல,
யாரென்று தெரியாத ஆளிடம் கொடுப்பதுபோல.

சப்பாத்து இரண்டும் தண்ணீர் குடித்திருந்தன.
என் காற்சட்டை நனைந்தது.
மட்டக்குளிவரை பிடித்துக்கொண்டிருந்தேன்.